வேதசாட்சியாகப் போய் வயிற்றுநோயாளியான கதை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வாசிப்பை மட்டும் விடவில்லை. தலைமன்னாரில் மூட்டை சுமந்தபோதும், கொழும்பில் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவியபோதும் கையில் அகப்பட்டதை எல்லாம் வாசித்தேன். அகப்பட்டவை பெரும்பாலும் இரண்டு வகை. கோயில் அலுமாரியில் கறையான் மிச்சம் விட்ட அர்ச்சியசிஷ்டவர்கள் என்கிற கத்தோலிக்கப் புனிதர்களின் சரித்திரங்கள் ஒன்று. தொழிலாளர் கூட்டங்களில் சும்மா கொடுத்த துண்டுப்பிரசுரங்கள் மற்றது. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக்கொண்டு திரிந்தேன். மண்டைக்குள்ளும் அவை ஒன்றாகவே கிடந்தன. முதலாளி என்று யாராவது சொன்னால் எனக்கு ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் முகம்தான் தெரியும்.

இந்த நிலையில்தான் அரசாங்கம் ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, பிறைக் கணக்கில் வாரம் ஒன்றாக வரும் பௌத்தர்களின் போயா நாளை விடுமுறை ஆக்கியது. அப்போது நான் வங்காலைக்கும் முசலிக்கும் இடையே றோட்டுக்குக் கிறவல் சரளை பரவும் கூட்டத்தில் கூலி. படுக்கை தெருவோரக் கொட்டிலில். போயாவுக்கு ஓய்வு, ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டி.

வங்காலை வேதக்கோயில் சுவாமி அலட்டிக்கொள்ளவில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்காக விடியப்புறம் ஒரு பூசை வைத்தார். சனம் பூசை கண்டுவிட்டு அப்படியே வேலைக்குப் போனது. எனக்கு அது அடுக்கவில்லை. வேதத்தை மறுதலிக்காமல் அரசனின் வாளுக்குக் கழுத்தைக் கொடுத்த வேதசாட்சிகளின் மன்னாரில் பிறந்துவிட்டு, இப்படியா வளைந்து கொடுப்பது?

சனிக்கிழமை பின்னேரம், எங்கள் வேலையை மேற்பார்க்கும் ஓவசியரிடம் போனேன். அவர் வயற்பக்கத்து ஊர்க்காரர். வேர்வையிலும் திருநீறு அழியாத நெற்றி.

"நாளைக்கு நான் வேலைக்கு வரமாட்டன்."

"ஏன் தம்பி, கலியாண வீடோ?"

"ஞாயிறு கடவுளின்ரை நாள்."

"அப்ப மற்ற நாளெல்லாம் என்ரையோ?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டார். "காரணமில்லாமல் வராமல் நிண்டால் ஆளை வேலையாலை நிப்பாட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவு. கச்சான் காத்து அடிக்குது, கடலிலையும் வேலை இல்லை. யோசிச்சுச் சொல்லு."

"நிப்பாட்டுங்கோ," என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

அவர் சொன்னது உண்மை. அந்த வேலை போனால் கொட்டிலும் போகும், சோறும் போகும். வேறு போக்கிடம் இல்லை. அதனால்தான் எனக்கு இந்தத் தியாகம் இன்னும் பிடித்திருந்தது. என்னோடு கிறவல் பரவுகிறவன் மன்னார்த் தாராபுரத்து முஸ்லிம். அவன் இரவுச் சாப்பாட்டில் கேட்டான்: "என்ன மச்சான், நாளைக்கு வேதத்துக்காக மவுத்தாகப் போறியாமே? அப்ப அந்த மீன்துண்டை இஞ்சால தா."

ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் போனார்கள். நான் முன்வரிசை வாங்கில் இருந்தேன். யாராவது வந்து கேட்டால் சொல்வதற்கு ஒரு பேச்சும் தயாராக இருந்தது. முதற்பாதி அர்ச்சியசிஷ்டவர்களுடையது, பிற்பாதி துண்டுப்பிரசுரத்தினுடையது. கோயில் கூட்டுகிற அம்மா மட்டும் வந்தார்.

"காலைத் தூக்குங்கோ தம்பி, கூட்டவேணும்."

தூக்கினேன். மத்தியானமானதும் பசித்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

திங்கள் காலை, நிப்பாட்டுகிறவர்கள் என்னை நேரே நிப்பாட்டட்டும் என்று வேலைத்தலத்துக்குப் போனேன். எஞ்சினியர் ஐயாவின் ஜீப் நின்றது. நான் வாயைத் திறக்க முன்னர் ஓவசியர் என்னைக் கையால் காட்டினார்.

"இவன்தான் ஐயா, நேற்று வயித்தாலை போய்க் கிடந்தவன்."

எஞ்சினியர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இப்ப எப்பிடி?"

எல்லோரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். இதைவிட நல்ல சபை ஒரு வேதசாட்சிக்குக் கிடைக்காது. பேச்சின் முதல் வரி நாக்கு நுனியில் இருந்தது. காற்று கொட்டிலின் கூரைக் கிடுகைத் தூக்கி அடித்தது. உள்ளே உலை கொதிக்கிற மணம் வந்தது.

"இப்ப பரவாயில்லை ஐயா."

"கொதிச்சு ஆறின தண்ணி குடி," என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார்.

ஜீப் போனதும் ஓவசியர் என் பக்கம் திரும்பினார். "என்ன முறைக்கிறாய்? உள்ளதைச் சொல்லியிருந்தால் இப்ப சாக்கைத் தோளிலை போட்டுக்கொண்டு நடந்திருப்பாய். போ, வேலையைப் பார்."

நான் முறைக்கவில்லை. அவருக்கு நன்றி சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

தாராபுரத்துக்காரன் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு சொன்னான்: "இனி ஞாயிறிலை பூசை முடிச்சு அவசரப்படாமல் ஆறுதலா வா. உன்ரை கிறவலை நான் பரவுறன். வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்குத் தொழப் போகேக்கை என்ரையை நீ பார்."

"இவ்வளவு நாளும் வெள்ளியிலை என்ன செய்தனீ?"

"சாப்பாட்டு நேரத்திலை ஓடிப்போய்த் தொழுதிட்டு ஓடி வந்தனான். சோத்துக்கு எங்கை நேரம்?"

மாதக்கணக்காக அவன் பக்கத்தில் நின்று வேலை செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் அவன் சாப்பிடாததை நான் கவனித்ததே இல்லை. ரோமாபுரியில் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும்.

அந்த ஏற்பாடு நாங்கள் ஒன்றாக இருந்தவரை நன்றாக நடந்தது. நான் ஓரிடத்தில் நிற்கிறவன் அல்ல. ஒரு விடியற்காலை சாக்கைக் கட்டிக்கொண்டு போய்விட்டேன். சில வருடங்களில் ஞாயிறு விடுமுறை திரும்பி வந்தது. அன்று நான் வேறோர் ஊர்க் கோயிலில் நின்றேன். நன்றிப்பாடல் பாடினார்கள், நானும் உரத்துப் பாடினேன். வெள்ளிக்கிழமையைப் பற்றி எந்தப் பாடலும் இல்லை. தாராபுரத்துக்காரன் எங்கோ ஒரு றோட்டில் சோற்றை விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்திருப்பான். அவனுடைய கிறவலைப் பரவ நான் அங்கே இல்லை.