மாமியின் இடது கால்

எங்கள் குடும்பத்தில் வண்டி ஓட்டிய முதல் பெண் என் மாமி. அம்மாவின் அண்ணனுக்கு மனைவி, எல்லோருக்கும் ஒரே வீடு. மாமாவுக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் எதிரே லாரி வந்தால் முதலில் சுலோகம், பிறகுதான் பிரேக். அதனால் அந்தப் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பை பாலிகஞ்சிலிருந்து சாந்த்ராகாச்சிக்கு தினமும் ஓட்டிக்கொண்டு போனது மாமிதான். அங்கே ஒரு பள்ளியில் அவள் கணக்கு டீச்சர், நான் மூன்றாம் வகுப்பு. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் கியர் போடும்போது பக்கத்து சீட்டில் எனக்குத் தலைகால் புரியாது.

ஒரு மழை நாளில் ஹூக்ளி பாலத்து ஏற்றத்தில் ஜீப் நின்றுவிட்டது. பின்னால் வரிசையாக பஸ்கள், அத்தனை ஹாரன். ஒருவழியாகக் கிளம்பியதும், "வீட்டுல சொல்லாதே, மாமா பயந்துடுவார்" என்றாள் மாமி. ஷூவைக் கழற்றுவதற்குள் மாமாவிடம் சொல்லிவிட்டேன். வீட்டில் எனக்கு ஓட்டைவாய் என்று பெயர். அந்தப் பெயரை நான் ஒருநாளும் கெடுத்ததில்லை.

மாமா பயப்படவில்லை. மறுநாளே டாலிகஞ்ச் கராஜுக்குப் போய், சின்ன பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டுப் பெரிய டீசல் இன்ஜினைப் போடச் சொல்லிவிட்டார். இரண்டு மாதம் லீவு நாளெல்லாம் அங்கேயே கிடந்தார். புது இன்ஜின் உட்கார இடம் போதவில்லை. வெட்டி, வெல்டிங் வைத்து, ரேடியேட்டரை முன்னால் தள்ளி, பானெட்டில் ஒரு மேடு எழுப்பினார்கள். பேங்க் ஃபைலைத் தவிர எதையும் தொட்டறியாத மனுஷர் நகக்கண்ணில் கிரீஸோடு சாப்பிட உட்காருவார். "இனிமே அவ எந்தப் பாலத்துலயும் நிக்கமாட்டா" என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

அந்த ஊர் ஆயுத பூஜையான விஸ்வகர்மா பூஜையன்று வண்டி தயார். கராஜ் முழுக்க சாமந்தி மாலை, வானம் முழுக்கப் பட்டம். ஸ்பானர்களும் ஜாக்கியும் பொட்டு வைத்துக்கொண்டு சாமி முன்னால் படுத்திருந்தன. மாமா சாவியை மாமியிடம் கொடுத்தார். நான் தாவி ஏறிக்கொண்டேன்.

மாமி கிளட்சை மிதித்தாள். அது இறங்கவில்லை. பெரிய இன்ஜினுக்குப் பெரிய கிளட்ச், மாமியோ ஒல்லிக்குச்சி. சீட்டு நுனிக்கு நகர்ந்து, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்து, ஏறக்குறைய எழுந்து நின்று மிதித்தாள். தெருவை ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் அவள் இடது கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. கராஜ் மிஸ்திரி அதைக் கவனித்துவிட்டுக் கிட்டே வந்து, "பௌதி, இன்னிக்கு ஸ்பானரைத் தொடக்கூடாது. நாளைக்கு வந்தா பெடலை லேசாக்கித் தரேன்" என்று அண்ணி முறை வைத்து அவருடைய வங்காளியில் மெதுவாகச் சொன்னார். மாமி திரும்பிப் பார்த்தாள். மாமா கையில் சந்தேஷ் இனிப்புத் தட்டோடு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பானெட் மேட்டைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம், ரொம்ப நன்னாத்தான் இருக்கு" என்றாள் மாமி.

திரும்பும்போது மாமா ஓட்டினார். பின்சீட்டில் மாமி என் காதில் சொன்னாள்: "அந்தக் கிளட்ச் என் காலுக்கு இறங்கலைடி. மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதே."

இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லாமல் இருந்தேன். ஜீப் வந்த பிறகும் நாங்கள் பஸ்ஸிலேயே போனோம். நோட்டுத் திருத்த நேரம் கிடைக்கிறது என்று மாமி காரணம் சொன்னாள். பஸ் ஸ்டாப்பில் தினமும் ஜால்முரி என்கிற காரப்பொரி கிடைத்ததால் எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா ஜீப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏண்டி, மாமிக்கு இந்த இன்ஜின் பிடிக்கலையா? உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லலையே மாமா."

அவர் தலையாட்டிவிட்டு, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். அடுத்த வருஷம் ஜீப்பை விற்றுவிட்டார். மாமி அதற்குப் பிறகு எந்த வண்டியையும் ஓட்டவில்லை.

வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ரொம்ப நாள் பெருமை. வீடே ஓட்டைவாய் என்று கூப்பிடுகிற என்னிடம் போய் மாமி ஏன் அந்த ரகசியத்தைச் சொன்னாள் என்று எட்டு வயதில் எனக்குத் தோன்றவேயில்லை.