தங்கப்பாண்டியின் கண்

போன வாரம், அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையின் கேட்டில் என் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார் ஒருவர். தீப்பெட்டி, செல்போன் இருக்கிறதா என்கிற சோதனை. என்னைத் தெரியாதவர் இல்லை. ஆனாலும் சோதித்தார்.

"உள்ள போறதுன்னா செல்போன இங்கன குடுத்துருங்க, அண்ணாச்சி."

"உள்ள போகலப்பா. ஒன்னையத்தான் பாக்க வந்தேன்."

அவர் தங்கப்பாண்டி. சிவகாசியில் என் காலண்டர் அச்சகத்தில் மெஷின்மேனாக இருந்தவர். ஓடுகிற மெஷினிலிருந்து ஒரு தாளை உருவி, வெளிச்சத்தில் பிடித்து, "அம்மன் மொகத்துல மஞ்சள் ஏறிருச்சு" என்பார். எங்களுக்கெல்லாம் எல்லாத் தாளும் ஒன்றுபோலத்தான் தெரியும். மையைக் குறைத்து ஓட்டினால்... ஆமாம், முகம் தெளிந்திருக்கும்.

இப்படிப்பட்டவரை நான் என்ன செய்தேன் தெரியுமா? முன்னுக்குக் கொண்டுவந்தேன்.

காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஆர்டர் பிடித்து முதலாளி ஆனவன் நான். முன்னேற எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஓர் ஆடிப்பெருக்கு அன்று புது காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்டு அவர் கையில் கொடுத்தேன். ஆர்டர் பிடிக்கப் போகச் சொல்லி வெள்ளைச் சட்டையும் எடுத்துக் கொடுத்தேன்.

"எனக்கு மிசினே போதும் அண்ணாச்சி. பேச வராது."

"ஏலே, ஆயுசுக்கும் மையிலயே கெடப்பியா? நான் பேசலையா?"

கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் படத்தை ரசித்துக்கொண்டிருக்க, நம் ஆள், "இதுல செவப்பு கொஞ்சம் தூக்கலா விழுந்துருச்சு" என்றிருக்கிறார். ஆர்டர் போயிற்று. சீசன் முடிகிறவரை எல்லா ஊரிலும் இதே கதை.

திரும்பி வந்தவரை மொத்த ஆட்களுக்கும் முன்னால் நிறுத்தி, "ஒன்னைய ஆளாக்க நெனச்சேன் பாரு" என்று ஆரம்பித்தேன். மீதியை எழுதக் கூசுகிறது. மெஷினுக்கு அதற்குள் வேறு ஆள் போட்டிருந்தேன். "பளைய எடத்துலயே நின்னுக்கிறட்டுமா?" என்று கேட்டார். மறுத்தேன். மறுநாள் அவர் வரவில்லை.

எம்.ஏ. படித்தவன் நான். பத்து வருடம் பக்கத்திலிருந்து பார்த்த மனிதருக்கு என்ன வரும் என்று தெரியாமலா போயிற்று? தெரியும். எனக்கு வராத ஒன்றைப் பெரிய திறமை என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை — அவ்வளவுதான்.

இப்போது அச்சகத்தை மகன் பார்க்கிறான். தங்கப்பாண்டியைத் திரும்பக் கூப்பிடத்தான் போயிருந்தேன். இந்த வருட லட்சுமி படத்தின் மாதிரித் தாள் ஒன்றும் கையில் இருந்தது.

"வேலைக்கு வந்துருப்பா. அன்னைக்கு எம்மேலதான் தப்பு."

"இருக்கட்டும் அண்ணாச்சி. சாப்பிட்டீகளா?"

தாளை நீட்டினேன். வெயிலில் சாய்த்துப் பிடித்தார். கட்டைவிரல் லட்சுமியின் கன்னத்தருகே போய் நின்றது. அங்கே ஏதோ சரியில்லை — அதுவரைக்கும் எனக்குப் புரிந்தது.

"என்னப்பா? சொல்லு."

பதமாகச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தார்.

"மிசின்ல நிக்கிறவுககிட்ட கேளுங்க அண்ணாச்சி. நான் கேட்டுல நிக்கிறவன்."

லோடு லாரி வந்தது. திறக்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை ஒரு மணி நேரம் பார்த்தேன். எனக்கு லட்சுமி நன்றாகத்தான் தெரிகிறாள்.