டிங்கர் தேசப்பன் பாதியாக வெட்டிய கதவு

மணவாள நகரில் தேசப்பன் வீடு எது என்று கேட்டால், எந்த தேசப்பன் என்று திருப்பிக் கேட்பார்கள். டிங்கர் தேசப்பன் என்றால் கேள்வி கிடையாது, கை தானாக நீளும். நசுங்கிய மட்கார்டை மடியில் கிடத்தி, உள்ளே ஒரு கையை முட்டுக் கொடுத்து, வெளியே சுத்தியால் மெல்லத் தட்டிக்கொண்டிருப்பான், பிள்ளைக்கு ஏப்பம் எடுக்கிற மாதிரி. பேச்சு மட்டும் வராது. "அந்தாளு வாயத்தான் மொதல்ல ஒடுக்கெடுக்கணும்" என்பாள் பெண்சாதி செங்கம்மாள்.

எழுபத்து மூன்றாம் வருஷம் பழவேற்காட்டு இறால் வியாபாரி பூவராகவன், தன் அப்பா ஓட்டிய மோரிஸ் மைனரை அவனிடம் கொண்டுவந்து விட்டார். பழையபடி ஆக்கித் தரவேண்டும். எல்லாம் ஆகிற காரியம்தான். டிரைவர் பக்கக் கதவின் அடிப்பாகத்தை மட்டும் ஏரிக்காற்றின் உப்பு தின்று தீர்த்திருந்தது. அதே மாதிரி வேறொரு வண்டியிலிருந்து எடுத்து வைத்தால்தான் உண்டு.

அப்படியொரு வண்டி பொன்னேரியில் கங்கம்மாவின் கொல்லையில் கிடந்தது. புருஷன் சின்னராசு டாக்சியாக ஓட்டியது. அவர் போன பிறகு சக்கரங்களும் போய், கோழிகள் குடியேறியிருந்தன. எடுத்துக்கொள்ளச் சொன்னவள், தேசப்பனும் பூவராகவனும் சாமான்களோடு வந்து நின்றதும் டிரைவர் கதவின் மேல் கை வைத்துக்கொண்டாள்.

"மட்கார்டு, பானெட்டு இன்னா வேணுமோ கழட்டிக்க தம்பி. இந்தக் கதவு வேணாம்."

"அதுக்குத்தானேம்மா வந்தோம்," என்றார் பூவராகவன். "செத்த வண்டிக்குக் கதவு எதுக்கு?"

"கோழிக்கு. கதவு இல்லாங்காட்டி கீரி பூந்துடும்."

"அந்தாண்ட மூணு கதவு தொறந்துதானே கெடக்குது?"

கங்கம்மா கையை எடுக்கவில்லை.

தேசப்பன் அந்தக் கையையே பார்த்தான். சன்னல் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ட் தேய்ந்து, தகரம் வெள்ளையாய் மினுங்கியது. வருஷக்கணக்காய் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஓட்டினால் வருகிற தேய்மானம். எத்தனையோ டாக்சிகளில் அந்த இடத்தைத் தேய்த்துப் பெயின்ட் அடித்து மறைத்தவன் அவன்.

"அக்கா, எனுக்குக் கீழ்ப்பாதி போதும். மேல கை வெக்க மாட்டேன். அடியில பலக வெச்சி அடச்சித் தரேன், கீரியும் வராது."

கங்கம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "மேல கீறல் வுழக் கூடாது."

"வுழாது."

கேஸ் தீயில் வெட்டினால் பீடி அணைவதற்குள் முடிகிற வேலை. ஆனால் சூட்டில் மேலே பெயின்ட் கொப்புளித்துவிடும். தேசப்பன் கதவைக் கழற்றிச் சாக்கின் மேல் கிடத்தி, கைப்பிடிக்குக் கீழே ரம்பத்தால் அறுக்கத் தொடங்கினான். பூவராகவன் தென்னை நிழலில் துண்டை விரித்துப் படுத்தார். "இவனாண்ட வேலய குட்த்தா பேஜாருதான்," என்று மரத்திடம் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

அவர் எழுந்தபோது கீழ்ப்பாதி தனியாக வந்திருந்தது. மேல்பாதி, அடியில் பலகை வைத்து, பழைய இடத்தில் தொங்கியது. கங்கம்மா வந்து திறந்தாள், சாத்தினாள். முகம் சுண்டிவிட்டது.

"சத்தம் வேற."

"சாத்திக்கிச்சா இல்லியா, அதப் பாரும்மா," என்றார் பூவராகவன்.

"இது மரப்பொட்டி சத்தம். அவரு சாத்துனா இப்படிக் கேக்காது."

அறுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் வந்த வேலை கெட்டுப்போகும். தேசப்பன் சற்று நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, யாருக்கும் வேண்டாத டிக்கி மூடியில் ஒரு துண்டு வெட்டி அடியில் வைத்து ரிவெட் அடித்தான். சாத்தினாள். தகர டப்பா மாதிரி அலறியது. அவள் தலையை ஆட்டினாள். உள்ளே சாக்கைத் திணித்தான். ஊமையாகிவிட்டது. பாதிச் சாக்கை உருவிவிட்டு, கிழிந்த டயரில் ஒரு பட்டை அறுத்து உள்ளே செருகினான்.

கங்கம்மா சாத்தினாள். அடங்கின, கனத்த சத்தம். கோழிகள் சிதறி ஓடின.

அவள் திறந்தாள். மறுபடியும் சாத்தினாள்.

பூவராகவன் கீழ்ப்பாதியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "கெளம்பலாமா தேசப்பா? ரயிலு போய்டும்."

"இருங்க மொதலாளி," என்று தேசப்பன் கீழே உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தான். "இன்னும் ரெண்டு வாட்டி சாத்திக்கட்டும்."