"இவர்தான்" என்பதோடு நிறுத்தினேன்

ஒரு பெண்ணின் சாட்சியத்தை நான் வெட்டினேன். தவறுதலாக அல்ல... தெரிந்தே, திறமையாகவே வெட்டினேன்.

நீங்கள் அதைக் கேட்டிருப்பீர்கள். யாராவது உங்களுக்கு அனுப்பியிருப்பார்கள். நீங்களும் யாருக்காவது அனுப்பியிருப்பீர்கள்.

பகலில் வீட்டுக்கடன் தரகு என் தொழில். மாலையில், லண்டன் குட்மேய்ஸில் ஒரு மளிகைக் கடைக்கு மேலுள்ள அறையிலிருந்து இணைய வானொலி நடத்துகிறேன். ஊரில், இலங்கையில், சனாதிபதித் தேர்தல் வந்தது. வேட்பாளர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற இராணுவக் கேணல். போரின் கடைசி மாதங்களில் தான் சண்டை நடந்த வன்னிப் பக்கமே போகவில்லை என்று மேடைதோறும் சொன்னார். நான் நம்பவில்லை. மறுக்க ஒரு சாட்சி வேண்டியிருந்தது.

தென் லண்டனில் சட்டன் என்ற இடத்திலிருந்து மலரக்கா வந்தார். முதியோர் இல்லமொன்றில் வேலை செய்பவர். போர் முடிந்தபோது சோதனைச் சாவடியில் கணவரை இராணுவத்திடம் கையளித்தவர். அதன்பின் கணவரை அவர் காணவேயில்லை. கூட்டிப்போன அதிகாரியின் நாடியில், உதட்டுக்குக் கீழே, ஒரு தழும்பு இருந்ததாம். கேணலின் நாடியிலும் தழும்பு உண்டு. ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்க, கேணலின் படத்தைக் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார்.

"நாடி அப்பிடித்தான் இருக்கு, தம்பி. இவர்தான்..." மூச்சை இழுத்துக்கொண்டார். "எண்டு என்னாலை சத்தியம் பண்ண ஏலாது."

தமிழில் மறுப்பு கடைசியில்தான் வரும். அதற்கு முன்பே நிறுத்திவிட்டால், மறுத்தவரே உறுதி செய்தவர் ஆகிவிடுவார். நான் "இவர்தான்" என்பதோடு நிறுத்தினேன்.

காரணம் இல்லாமலா செய்தேன்? இவர் இல்லையென்றால் இன்னொருவர். சீருடை ஒன்றுதானே... அன்று அப்படித்தான் நினைத்தேன். இன்றும் அந்த நினைப்பை முழுதாகக் கைவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.

மலரக்காவின் குரல் அவர் பெயரோடு ஊரெங்கும் பரவியது. சில நாட்களில் கேணல் ஒரு படத்தோடு செய்தியாளர் முன் வந்தார். அந்த மாதங்களில் வெளிநாட்டு இராணுவக் கல்லூரி ஒன்றில், சக மாணவர்களோடு நின்ற படம். "லண்டனில் இருப்பவர்கள் நமது சனாதிபதியைத் தெரிவு செய்யப் பார்க்கிறார்கள்" என்றார்.

பார்த்தவுடனேயே அது உண்மைப் படம் என்று எனக்குத் தெரிந்தது. அன்று மாலையே அது போலி என்று வானொலியில் சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை.

தேர்தலில் கேணல் தோற்றார். "அண்ணை, ஆளை விழுத்திப்போட்டியள்" என்று நண்பர்கள் கட்டிப்பிடித்தார்கள். வெற்றி எங்களுடையது என்றே நம்பினேன்.

பிறகு மலரக்கா மறுபடி வந்தார். காணாமல் போனோரை விசாரிக்கும் குழுவின் முன் காணொளி வழியே தோன்றிவிட்டு, மறுநாள் நேரே என்னிடம் வந்திருந்தார்.

"கேணலைப் பற்றிப் பொய் சொன்ன ஆள் நீங்கள்தானே எண்டு முதல் கேள்வி கேட்டவை, தம்பி. அதுக்குப் பிறகு நான் சொன்ன ஒண்டையும் அவை எழுதேல்லை."

நான் தேநீர் கொடுத்தேன். அவர் தொடவில்லை.

"முழுக்கப் போடுங்கோ. ஏலாது எண்டு நான் சொன்னதையும் போடுங்கோ."

"இப்ப போட்டால் எங்கட சனத்துக்குத்தான் கெட்ட பேர், அக்கா. இனி வாற சாட்சி ஒண்டையும் ஆரும் நம்பமாட்டினம்."

எவ்வளவு தெளிவாகச் சொன்னேன்! எனக்கே அது நியாயமாகப் பட்டது.

அவர் எழுந்து கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டார். கோபம் தெரியவில்லை.

"என்ரை மனுசனுக்கு என்ன பேர் எண்டு தெரியுமோ, தம்பி?"

எனக்குத் தெரியவில்லை. அன்று என் எதிரே அமர்ந்து அவர் அதைச் சொல்லியிருப்பார்... பலமுறை சொல்லியிருப்பார். நான் தழும்புக்காக மட்டுமே காத்திருந்தேன்.

அவர் படியிறங்கிப் போனார். அந்தப் பதிவு முழுதாக என்னிடம் இருக்கிறது. பெயர் அதற்குள் இருக்கும். இன்றுவரை நான் அதைத் திறக்கவில்லை.