பொட்டு வைத்த சேர்வர்

பெர்கனில் நான் வேலை செய்யும் நிறுவனத்தில், பழுதாகிக் கழிக்கவேண்டிய கணினியின் முகப்பில் வட்டமான சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார்கள். முதல் வாரம் அப்படி ஒன்றைக் கண்டு, இவர்களும் பொட்டு வைக்கிறார்களே என்று மகிழ்ந்து, துடைத்து அலமாரியில் பத்திரப்படுத்தினேன். அது குப்பைக்குப் போகவேண்டியது என்று மறுநாள் சொன்னார்கள்.

இந்த நோர்வே நகரத்துச் சின்ன அலுவலகங்களின் சேர்வர்களையும் மின்னஞ்சலையும் பார்த்துக்கொள்வது என் தொழில். இலங்கையில், பதுளையில் உள்ள ஒரு சேர்வரையும் இங்கிருந்தபடியே சம்பளமில்லாமல் பார்க்கிறேன். அது என் சித்தி மகள் செல்வியுடையது. மடுல்சீமைத் தோட்டத்துப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, மிளகும் இஞ்சியும் கலந்த தேயிலையைப் பொதிசெய்து விற்கிறாள். கம்பனியின் சொந்தப் பெயரில் மின்னஞ்சல் முகவரி இருந்தால்தான் வெளிநாட்டுக்காரர் மதிப்பார்கள் என்றாள். போன விடுமுறையில், துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கும் அவளுடைய அறையில் எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தேன். புறப்படும்போது ஒரே ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்: தூசிக்குப் பயந்து, ஓடுகிற சேர்வர்மேல் துணி போடக் கூடாது.

ஒரு காலை, துறைமுகத்தருகே தேநீர்க்கடை வைத்திருக்கும் எங்கள் வாடிக்கையாளர் இங்க்ரிட் மடிக்கணினியோடு வந்தார். செல்விக்கு முதல் பெரிய ஓடரைக் கொடுக்க இருந்தவர். நத்தார் பண்டிகைக்கு முன் சரக்கு வருமா என்று அவர் எழுதிய மின்னஞ்சல் பதுளைக்குப் போய்ச் சேரவில்லை. இன்னும் முயன்றுகொண்டிருப்பதாக எங்கள் சேர்வர் அவருக்கு அறிவித்திருந்தது.

“கம்பனியை மூடிவிட்டார்களா?” என்றார். இன்று பதில் வராவிட்டால் வேறு நாட்டில் வாங்கிக்கொள்வாராம்.

அவரை உட்காரவைத்துவிட்டுச் செல்வியை அழைத்தேன். பின்னால் மணியோசையும் பெண்களின் சிரிப்பும் கேட்டன.

“செல்வி, சேர்வருக்கு என்ன ஆச்சு?”

“ஒன்னும் ஆகலண்ணே. இன்னைக்குச் சரஸ்வதி பூசையாச்சே. பொட்டு வச்சு, பட்டுத்துணி போத்தியிருக்கோம்.”

“அதுக்கு ஏன் ஓஃப் பண்ணுனீங்க?”

“ஓடுறப்ப துணி போடாதன்னு நீங்கதானே படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க.”

இங்க்ரிட் காத்திருப்பதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

“ஓடர் போயிருமாண்ணே? இதுக அம்புட்டுப் பேரும் அத நம்பித்தான் இருக்குதுக. ஆனா செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி, தராசு எல்லாம் கொண்டாந்து வச்சிருக்காங்க. பாதியில சேர்வர எழுப்புனா என்னைய உரிச்சிருவாங்க. நாளைக்குக் காலைல எடுத்துருவோம். அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்.”

எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் அப்பா கொழுந்து அரைக்கும் உருளை இயந்திரத்தில் வேலை செய்தார். அதன் இரைச்சலில் சத்தம்போட்டே பேசிப் பழகியவர். பூசையன்று இயந்திரத்துக்கு மாலை போட்டு நிறுத்திய பிறகும் அதே குரலில் பேசுவார். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். தொழிற்சாலைக்குப் பின்னால் ஓர் ஓடை ஓடுவது அன்றைக்குத்தான் காதில் விழும்.

இதை நோர்வேஜிய மொழியில் எப்படிச் சொல்வது? “இன்றைக்கு அங்கே கருவிகள் வேலை செய்யாது. அவற்றின் நாள்” என்றேன்.

“ஹ்வீலெடாக்?” என்றார் இங்க்ரிட். ஓய்வுநாள் என்று பொருள். “மெஷின்களுக்குமா? தொழிற்சங்கம் வாங்கிக் கொடுத்ததா?”

“சங்கத்துக்கும் முந்தியது.”

மின்னஞ்சல் தொலைந்துபோகுமா என்று கேட்டார். கதவு திறக்கும்வரை எங்கள் சேர்வர் தட்டிக்கொண்டே இருக்கும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காத நாட்டுக்காரருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. “அப்படியானால் நாளைவரை பொறுக்கிறேன். ஓய்வுநாளில் யாரையும் எழுப்பக் கூடாது” என்று மடிக்கணினியை மூடினார். மன்னிப்புக் கேட்பதற்கு நான் யோசித்து வைத்திருந்த வாக்கியம் வீணாயிற்று.

மறுநாள் என் கண்காணிப்புத் திரையில் பதுளையின் விளக்கு பச்சையானது. காத்திருந்த மின்னஞ்சல் தானாகவே உள்ளே போயிற்று. நான் கோப்பி குடித்து முடிப்பதற்குள் செல்வியின் பதில் இங்க்ரிட்டுக்கு வந்துவிட்டது: நத்தாருக்கு முன்பே சரக்கு வரும்.

இங்க்ரிட்டுக்கு வந்த தேயிலைப் பெட்டிகளோடு எனக்கும் ஒரு பொட்டலம் குங்குமம் அனுப்பியிருந்தாள் செல்வி. இந்த வருடப் பூசையன்று அதைப் பிரித்தேன். பெர்கன் சேர்வரை நிறுத்த முடியாது. முகப்பில் பொட்டு வைத்தால் யாராவது குப்பைக்கு எடுத்துப் போய்விடுவார்கள். அதனால் சேர்வர் இருக்கும் பெட்டிக் கதவின் உட்பக்கம் வைத்தேன். எட்டிப் பார்த்த சக ஊழியர், “பழுதா?” என்று கேட்டார்.

“இல்லை, நன்றாக ஓடுகிறது” என்று கதவைச் சாத்தினேன். திரையில் பதுளையின் விளக்கு அணைந்திருந்தது. கதவுக்குப் பின்னால் பெர்கன் சேர்வர் பொட்டோடு இரைந்துகொண்டிருந்தது.