பலாமரத்து வழக்கில் என் சாட்சி

என் தாய்மாமாவுக்கு சிவில் வழக்கு என்றாலே பிடிக்காமல் போனதற்கு ஒரு பலாமரம்தான் காரணம். ஆலங்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சமஸ்தானம் இருந்த காலம். அப்பா இறந்தபின் அம்மாவும் நானும் மாமா வீட்டில்தான் இருந்தோம். மாமாவின் கொல்லைக்கும் பக்கத்துக் கொல்லைக்கும் நடுவில், வேலியோரம் நின்ற அந்த மரம் யாருக்குச் சொந்தம் என்று புதுக்கோட்டைக் கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. நடந்தது என்று சொல்வதுகூடத் தப்பு. வாய்தா வாய்தாவாக உட்கார்ந்திருந்தது. மரம் அதுபாட்டுக்குக் காய்த்தது. பக்கத்துக் கொல்லைக்காரர் அவர்பாட்டுக்கு அறுத்துக்கொண்டு போனார். மாமாவுக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் வீட்டுக்கு வந்த வக்கீல் குமாஸ்தா மோரைக் குடித்துக்கொண்டே வழி சொன்னார்.

"மரம் யாருதுங்கிறது சிவிலுங்க. அது இப்பைக்கு முடியாது. அடிதடி, ரத்தக்காயம்னா கிரிமினலு. ஆளைத் தூக்கி உள்ள வச்சுட்டா அப்புறம் மரத்துக்கிட்ட எவன் வரப்போறான்?"

மாமா அன்று முழுக்க வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். சோற்றில் உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து போனார்.

அடுத்து வந்த ஒரு காலையில் நான் ஆட்டுக்காகப் பலா இலை பொறுக்கிக் குச்சியில் குத்திக்கொண்டிருந்தேன். கொல்லைக்காரர் மரத்தின் மேலிருந்து அரிவாளால் காய் அறுத்துக்கொண்டிருந்தார். கீழே நின்று கத்திய மாமா சட்டென்று குனிந்து ஒரு கல்லை எடுத்தார். மேலே எறியப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ அதைத் தன் நெற்றியிலேயே ஓங்கி அடித்துக்கொண்டு, "ஐயோ, கொல்றானே!" என்று அலறியபடி உட்கார்ந்துவிட்டார். வேலி மறைவில் நான் நின்றதை அவர் கவனிக்கவில்லை. மரத்தில் இருந்தவர் கவனித்தார். மாமாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் அரிவாளோடு இறங்கவும் ஆட்கள் ஓடிவரவும் சரியாக இருந்தது. வந்தவர்கள் கண்டது ரத்தத்தையும் அரிவாளையும்தான். அதற்குமேல் யாருக்கு என்ன வேண்டும்?

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் என் வாயைப் பொத்தினாள். ஏன் என்று சொல்லவில்லை.

அடித்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்வதற்கு மாமாவுக்கு ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். சின்னப்பிள்ளை சொன்னால் எடுபடும் என்று ரத்தத்தையும் அரிவாளையும் பார்த்ததற்குச் சாட்சியாக என்னையும் சேர்த்தார் குமாஸ்தா. "கேட்டதுக்கு மட்டும் பதிலு. கூட ஒரு வார்த்தை பேசுனே, ஒன்னையும் பிடிச்சு உள்ள போட்டுருவாங்க" என்று வேறு சொல்லி வைத்தார். எனக்குத் தூக்கம் போயிற்று.

ஆலங்குடிக் கோர்ட்டு வாசலில் கொல்லைக்காரரின் பெண்சாதி கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் உள்ளே ஓடினேன். பொய் சொன்னால் என்ன ஆகும் என்று மேஜிஸ்திரேட் கேட்டார். "சாமி கண்ணக் குத்தும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மாமா நெற்றியில் ரத்தம் வந்ததா என்று போலீஸ் தரப்பில் கேட்டார்கள். வந்துச்சு என்றேன். கூண்டில் நிற்கிற இவர் கையில் அரிவாள் இருந்ததா? இருந்துச்சு. இரண்டும் சத்தியமான பேச்சு. யார் அடித்தது என்று அடுத்துக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். போதும் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

மேஜிஸ்திரேட் கூண்டுப் பக்கம் திரும்பினார். "உனக்கு வக்கீல் இல்லை. நீயே கேக்கலாம். இந்தப் பொண்ணுகிட்ட எது வேணும்னாலும் கேளு, யாரும் உன்னைத் தடுக்க முடியாது."

பதில் நாக்கு நுனியில் நின்றது. கேட்டால் சொல்லிவிடுவேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொல்லைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எனக்குப் பின்னால், தலையில் கட்டோடு உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்தார்.

"கேக்க ஒண்ணுமில்லீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. அப்புறம் கேக்க முடியாது."

"பச்சப்புள்ளைங்க. விட்டுருங்க, போகட்டும்."

அவருக்கு ஜெயில் என்று தீர்ப்பாயிற்று. அந்த வருஷம் எங்கள் வீட்டில் பலாச்சுளை திகட்டிப்போயிற்று. நானும் தின்றேன்.

எனக்குக் கோபமெல்லாம் அவர் மேல்தான். மேஜிஸ்திரேட்டே கேள் கேள் என்று சொல்லியும் வாயைத் திறக்காமல் நின்ற மனுஷனை என்ன சொல்ல? இப்படியும் ஒரு ஆள் அசடாக இருப்பாரா என்று வெகுநாள் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டு, நானும் சொல்லியிருந்தால், அன்று சாயங்காலம் அம்மாவும் நானும் எந்த வீட்டுக்குப் போயிருப்போம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கூண்டில் நின்ற அவருக்குத் தோன்றியிருக்கிறது.