பேருக்கு ஒரு வீடு

என் மகனுக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஞாயிற்றுக்கிழமை குறித்தாகிவிட்டது. பேர்தான் முடிவாகவில்லை. தன் அப்பாவின் பேரான சவரியைத்தான் வைக்கவேண்டும் என்று என் வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நின்றார். நான் மசியவில்லை.

"சவரியா? கொண்டையில வச்சுக் கட்டுற சவரி முடியா? பள்ளிக்கூடத்துல புள்ளைய ஓட்டியே சாகடிச்சிருவாங்க!" என்று கத்தினேன். 'ஷ'வும் 'ஜ'வும் கலந்த ஒரு பேரை நான் முன்பே எடுத்து வைத்திருந்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மாமனார் பேரனின் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம்தான் நான் வேலை செய்யும் நானுஓயா சுற்றுலா விடுதிக்கு ஒரு ஜெர்மன்காரர் வந்தார். தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பேர் கேட்டேன். "க்ஸாவர்" என்றார். தும்முகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

சிரித்துவிட்டு விளக்கினார். தெற்கு ஜெர்மனியில், அவருடைய பவேரியா பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் அது பழைய பேராம். கடல் தாண்டி இந்தியாவுக்கு வந்து, முத்துக்குளிக்கும் கரையில் ஞானஸ்நானம் கொடுத்த புனிதரின் நினைவாக வைப்பார்களாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாதாவே, இது சவரி என்று நாம் சுருக்கி வைக்கும் நம்ம சவேரியார் பேர் அல்லவா! என் மாமனாரும் இந்த வெள்ளைக்காரரும் ஒரே பேர்க்காரர்களா?

மாமனார் பேரும் அதுதான் என்றேன். சந்தோஷத்தில் ஜெர்மன்காரர் இன்னொன்றும் சொன்னார். புனிதரின் சொந்தப் பேர் பிரான்சிஸ்தானாம். சேவியர் என்பது அவர் பிறந்த கோட்டையின் பேராம். அந்தப் பக்கத்துப் பாஸ்க் மொழியில் அதற்கு அர்த்தம், புது வீடு.

புது வீடா? என் மாமனாருக்கா? அவர் பிறந்ததும் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கொடுத்த ஒற்றை அறையில், லயத்துக் காம்பராவில்தான், பிள்ளைகளை வளர்த்ததும் அதே காம்பராவில்தான். மண்மேடு சரிந்து பின்சுவர் வெடித்துப் போயிருக்கிறது. பெருமழை வந்தால் கைக்குழந்தையோடு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுக்கிறோம். ஓட்டுக் கேட்டு வந்தவன் எவன் புது வீடு தருகிறேன் என்று சொல்லவில்லை? அந்த மனுஷனின் பேரே புது வீடாம்!

வீட்டுக்குப் போனதும் மூச்சு வாங்கச் சொன்னேன். "மாமா, ஒங்க பேருக்கு அர்த்தம் புது வீடாம்! புள்ளைக்கு அதையே வச்சிருவோம்."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் வெடித்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாந்தாயி. பேருக்கு ஒரு வீட்ட வச்சுக்கிட்டு நான் பட்டது போதும். நீ பாத்த பேரையே வைங்க."

அந்தப் பேர் வேண்டாம் என்று குதித்தவள் நான். இப்போது அதற்காகக் கெஞ்சியதும் நான்தான். அவர் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதர் பேர் கேட்டார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "சவரி" என்று சொல்லிவிட்டேன். மாமனார் தலை நிமிரவேயில்லை.

வெளியே வந்ததும் பேரனைக் கையில் வாங்கிக்கொண்டார். கோபிப்பாரோ என்று பயந்தேன்.

"வச்சுட்டீங்க, சரி" என்றார். "இனிமே இவனக் கூப்பிடறப்ப சத்தமா கூப்பிடு தாயி. தோட்டத்து ஆபீஸ் வரைக்கும் கேக்கட்டும்."